முட்டையிட வரும் மீனை அள்ளலாமா?

கேள்வி: கனடாவில் கரைக்கு வரும் சிறு மீன்களைக் கைவலையால் அள்ளுவதை டி.வி.யில் பார்த்தேன். முட்டையிட வரும் மீனைப் பிடிப்பது சரியா?
– வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: நீங்கள் பார்த்தது கேப்லின். நியூஃபவுண்ட்லாந்து கரையில் ஜூன், ஜூலையில் அலையோடு ஏறிவந்து, சரளைக் கற்களில் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். திமிங்கிலமும் கடற்பறவைகளும் நம்பியிருக்கும் இரை அது. 1990களின் தொடக்கத்தில் அதன் கூட்டம் பெரிதாகச் சரிந்தது. அதற்காக வாளியோடு வருபவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கலிபோர்னியாவில் இதேபோல் கரையேறும் கிரனியன் மீனுக்குச் சட்டம் இன்னும் கறார்: வலையே கூடாது, வெறுங்கையால்தான் பிடிக்க வேண்டும்.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அது விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் போகலாம்.

ஆனால் சேலத்துக்காரருக்குக் கடல் எதற்கு? உங்களுக்குப் பக்கத்திலேயே கன்னங்குறிச்சியில் மூக்கனேரி இருக்கிறது. புதுவெள்ளம் வந்தால் ஏரி குளங்களில் கெண்டையும் கெளுத்தியும் நீரை எதிர்த்து வாய்க்காலில் ஏறும். வயிறு புடைத்திருக்கும், லேசாக அழுத்தினாலே சினை பிதுங்கி வரும். அப்போது வாய்க்காலின் குறுக்கே வலை கட்டினால் ஒன்றுகூடத் தப்பாது. அடுத்த ஆண்டு மீனுக்கு எங்கே போவது? கேரளத்தில் ‘ஊத்தா’ எனப்படும் இந்தப் பிடிப்புக்குச் சட்டப்படியே தடை உண்டு. நாமும் ஏறுகிற மீனை விட்டுவிட வேண்டும். முட்டையிட்டு ஏரிக்குத் திரும்பிய பிறகு தூண்டில் போடுங்கள்.