கொட்டகையிலுள்ள பழைய ஆயில் எஞ்சின் எவ்வூர்த் தயாரிப்பு?

மின் மோட்டார் வந்தபின் ஒதுக்கப்பட்ட ஆயில் எஞ்சின்கள் திருவண்ணாமலை, செங்கம் வட்டாரக் கிணற்று மேடுகளில் இன்னும் சில உண்டு. அதனை மீண்டும் ஓட்ட விரும்பும் உழவர், முதலில் அதன் பூர்வீகத்தை அறிதல் வேண்டும்.

பித்தளைத் தகட்டை மட்டும் நம்பவேண்டாம். அது எஞ்சினுக்கு எஞ்சின் எளிதில் மாறும். மண்ணெண்ணெய்த் துணியால் பிசுக்கைத் துடைத்து வார்ப்பைப் பாருங்கள். கிராங்க் பெட்டி மூடியில் லிஸ்டர், டர்ஸ்லி, இங்கிலாந்து என்ற எழுத்துகள் புடைத்திருந்தால், அம்மூடி 1867இல் டர்ஸ்லியில் தொடங்கப்பட்ட லிஸ்டர் தொழிலகத்தைச் சேர்ந்தது. மூடி என்றுதான் சொல்கிறேன். அதுவும் கழற்றி மாட்டக்கூடியதே!

இதே அமைப்பில் ராஜ்கோட்டிலும் ஏராளமான எஞ்சின்கள் செய்யப்பட்டன. 6 குதிரைத்திறன் எஞ்சினில் சிலிண்டர் உள்விட்டம் 4½ அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 5½ அங்குலம், நகலிலும் அதுவே. எனவே அளவு ஊரைச் சொல்லாது. மரை ஓரளவு சொல்லும். பழைய ஆங்கில எஞ்சினில் இருப்பது அங்குலக் கணக்கிலான விட்வொர்த் மரை. மில்லிமீட்டர் மரை தென்பட்டால் அப்பாகம் பின்னாளில் மாட்டியது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருப்பின் நம் நாட்டுத் தயாரிப்பே.

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? வேகத்திற்காக. லிஸ்டர் வகையில் 6 குதிரைத்திறன் எஞ்சின் நிமிடத்திற்கு 650 சுற்று. 8 குதிரைத்திறன் எஞ்சின் 850 சுற்று. பார்வைக்கு இரண்டும் உடன்பிறப்புகள். 650 சுற்றுக்கான ஃபிளைவீலை 850இல் ஓட்டினால், அதைப் பிய்த்தெறியும் விசை ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. வார்ப்பில் விரிசல் இருந்தால் சக்கரம் சிதறி உயிரைப் பறிக்கும்.

ஆகவே வகை உறுதியாகும்வரை கவர்னர் ஸ்பிரிங்கை முறுக்காதீர்கள். சக்கரத்தைக் கழற்றித் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். மணிபோல் ஒலிக்காமல் 'டொக்' என்றால் அச்சக்கரத்தை மாட்டவே வேண்டாம்.