ஆசியாவின் தென்கோடிக்கு ஒரு சிக்கனப் பயணம்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் விமானச் சீட்டும் பெருஞ்செலவும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால், சிங்கப்பூரர்கள் பேருந்திலேயே வெளிநாடு செல்லலாம். 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்தால் மலேசியாவின் ஜொகூர் மாநிலம் வந்துவிடும்.

ஜொகூர் பாருவின் லார்க்கின் பேருந்து நிலையத்திலிருந்து பொந்தியான் நகருக்குப் பேருந்துகள் செல்கின்றன. அதற்குத் தெற்கே குக்குப் என்னும் மீனவக் கிராமம் உள்ளது. அங்குப் பல வீடுகள் நீருக்கு மேல் தூண்களில் நிற்கின்றன. பலகைப் பாதைகளே தெருக்கள்.

குக்குப்பிலிருந்து நண்பர்கள் சேர்ந்து வாடகை காரில் சென்றால், குறைந்த செலவில் தஞ்சோங் பியாய் தேசியப் பூங்காவை அடையலாம். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி இதுவே. சதுப்புநிலக் காட்டின் நடுவே மரப்பாதையில் நடப்போர், சேற்றில் பின்னிக்கிடக்கும் வேர்களைக் காண்பர். அவ்வேர்கள் அலைகளின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கின்றன. மீன்குஞ்சுகளுக்கும் நண்டுகளுக்கும் புகலிடம் தருகின்றன. 2003ஆம் ஆண்டு இப்பகுதி, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும், கடலரிப்பால் இக்காட்டின் விளிம்பில் மரங்கள் சாய்கின்றன. அருகே செல்லும் கப்பல்கள் எழுப்பும் அலைகளும் அதற்கு ஒரு காரணம். சிங்கப்பூர்க் கடைகளில் விற்கப்படும் பொருள்கள் பலவும் இத்தகைய கப்பல்களில் வருகின்றன. அன்றாடம் வாங்கும் பொருளுக்கும் அயல்நாட்டில் கரையும் ஒரு கரைக்கும் தொடர்பு உண்டு என்பதை இச்சிறு பயணம் உணர்த்துகிறது.