இரு மாறிகளின் மதிப்புகளை இடம் மாற்றுதல்

கணிப்பொறிக்கு ஆணைத்தொடர் எழுதப் பழகும் மாணவர் தொடக்கத்திலேயே கற்க வேண்டிய செயல்களுள் ஒன்று, இரு மாறிகளின் மதிப்புகளை ஒன்றுக்கொன்று மாற்றுவதாகும். 'க' என்னும் மாறியில் 7 என்ற எண்ணும், 'ச' என்னும் மாறியில் 12 என்ற எண்ணும் இருப்பதாகக் கொள்வோம்.

மாறி என்பது ஓர் எண்ணுக்கு மட்டுமே இடமுள்ள சிலேட்டை ஒத்தது. புதிய எண்ணை எழுதியவுடன் பழைய எண் அழிந்துவிடும். 'ச'வின் மதிப்பை 'க'வில் இட்டால் இரண்டிலும் 12 என்றே இருக்கும். பின்னர் 'க'வின் மதிப்பைச் 'ச'வில் இட்டாலும் பயனில்லை. 7 என்ற எண் எங்கும் இல்லை. இப்பிழையைக் கணிப்பொறி தானாக அறிவிப்பதுமில்லை. மழையளவுகளை வரிசைப்படுத்தும்போது இது நேர்ந்தால் ஓர் ஊரின் அளவு இருமுறை தோன்றும். மற்றோர் ஊரின் அளவு மறைந்துபோகும்.

இதனைத் தவிர்க்க 'த' என்னும் மூன்றாவது மாறி தேவை.

1. 'க'வின் மதிப்பைத் 'த'வில் இடுக. (த = 7)
2. 'ச'வின் மதிப்பைக் 'க'வில் இடுக. (க = 12)
3. 'த'வின் மதிப்பைச் 'ச'வில் இடுக. (ச = 7)

மூன்றாவது மாறியின்றியும் இதனைச் செய்யலாம். 7, 12 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 19ஐக் 'க'வில் இடுக. அதிலிருந்து 'ச'வைக் கழித்துக் கிடைக்கும் 7ஐச் 'ச'வில் இடுக. மீண்டும் 'க'விலிருந்து 'ச'வைக் கழித்துக் கிடைக்கும் 12ஐக் 'க'வில் இடுக. 1960ல் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் போன்ற பழைய கணிப்பொறிகளில் நினைவகம் மிகச் சிறியது. அங்கு ஓரிடமும் அருமையானது.

ஆயினும் இச்சிக்கனம் எப்போதும் நன்மை தருவதன்று. நான்கு இலக்கத் துல்லியத்துடன் மட்டும் எண்களைக் காக்கும் ஒரு பொறியைக் கருதுக. 'க' 50,00,000 எனவும் 'ச' 3 எனவும் இருப்பின், அவற்றின் கூட்டுத்தொகை 50,00,000 என்றே பதிவாகும். அதிலிருந்து 3ஐக் கழித்தாலும் விடை 50,00,000 எனவே சுருங்கும்; அதுவே 'ச'வின் புதிய மதிப்பாகும். இறுதிக் கழித்தலில் 'க'வுக்குக் கிடைப்பது 3 அன்று, பூஜ்யமே.

பைத்தான் போன்ற இக்கால மொழிகளில் இம்மாற்றத்தை ஒரே வரியில் எழுதலாம். அங்கும் இரு பழைய மதிப்புகளும் முதலில் எடுத்து வைக்கப்பட்ட பின்னரே புதியவை இடப்படுகின்றன. எழுதும் முறை சுருங்கினாலும் விதி மாறவில்லை: அழியவிருக்கும் மதிப்பை முன்னதாகவே காத்துக்கொள்ள வேண்டும்.