சாளைக்குள் வரும் லேத்து

காங்கேயம் தோட்டத்திலிருக்கும் தம்பி மகனுக்குப் பெரியப்பா நலம் விரும்பி எழுதுவது.

கொங்கு நாட்டில் பட்டறை என்பது பெரும்பாலும் வீட்டை ஒட்டியே வளர்ந்த ஒன்றாகும். 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் கோவைப் பகுதிக்கு வந்து, 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இணைந்து மின்மோட்டாரை உள்நாட்டிலேயே உருவாக்கிய பிறகு, மோட்டாருக்கும் பம்புக்கும் வேண்டிய உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் குடியிருப்புகளுக்குள்ளேயே பெருகின. வீட்டு முன்கூடமாகிய ஆசாரத்தின் ஒரு மூலையிலோ மாட்டுக் கொட்டகையைச் சீர்திருத்திய இடத்திலோ ஒரே ஒரு லேத்தை நிறுத்தி, ஜாப் ஆர்டர் எடுத்துப் பிழைத்து முன்னேறிய குடும்பங்கள் இங்கு ஏராளம். காங்கேயத்தைச் சுற்றியுள்ள தேங்காய் எண்ணெய் ஆலைகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் தேயும் ஷாஃப்டும் புஷ்ஷும் மாற்றித் தருவதற்காகத் தோட்டத்து வீடாகிய சாளையில் ஆறடி லேத்து ஒன்றைக் கொண்டுவந்து வைக்க மகன் எடுத்திருக்கும் முடிவு இந்த மரபில் வருவதே. குடும்பத்துப் பெரியவர்களுக்கு அதில் முழு மகிழ்ச்சி. ஆனால் லேத்தில் வேலை செய்யும் ஆண்டுகளைவிட அதை வண்டியிலிருந்து இறக்கிச் சாளைக்குள் சேர்க்கும் அந்த ஒரு நாளே ஆபத்து மிகுந்தது என்பதாலும், அதற்காக இருக்கும் கருவிகளை வெட்டியும் பற்றவைத்தும் மாற்றியமைக்கும் எண்ணம் இருப்பதாகத் தெரியவந்ததாலும் இக்கடிதம் எழுதப்படுகிறது.

முதலில் எடை. கடைசல் எந்திரமாகிய லேத்தின் பெட் நீளத்தைக் கொண்டு ‘ஆறடி லேத்து’ என்று சொல்லிவிடுகிறோமே தவிர, ஆறடி என்பது எடையைச் சொல்வதில்லை; தயாரிப்பைப் பொறுத்து அது முக்கால் டன்னாகவும் இருக்கலாம், ஒன்றரை டன்னாகவும் இருக்கலாம். விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பிக் கயிறு எடுப்பதைவிட, கொப்பரை வண்டிகளும் நெல் வண்டிகளும் நாள்தோறும் ஏறி இறங்கும் காங்கேயத்து எடைமேடைகளில் ஒன்றில் வெறும் வண்டியையும் சுமை வண்டியையும் நிறுத்தி எடைச்சீட்டு வாங்கிக்கொள்வது மேல். அந்தச் சீட்டிலுள்ள எண் தெரியாமல் கப்பியையும் பெல்ட்டையும் சேனலையும் தேர்ந்தெடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடப்பதற்குச் சமம். முக்கால் டன் தாங்குமென்று விற்கப்படும் சிறு சரக்கு வண்டியில் ஒரு டன் லேத்தை ஏற்றிவிடலாம் என்ற துணிவும் அந்தச் சீட்டைப் பார்த்ததும் அடங்கிவிடும்.

அடுத்தது, கருவியை மாற்றியமைப்பது பற்றிய அடிப்படை. பளு தூக்கும் எந்தக் கருவியையும் அகலப்படுத்தலாம், தாழ்த்தலாம். நீட்டவும் கூடாது, உயர்த்தவும் கூடாது. அகலமும் தாழ்வும் சுமையைக் கவிழவிடாமல் காப்பவை. நீளமும் உயரமும் அதைக் கவிழ்க்கத் துணைபோகின்றவை. பட்டறைகளில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பகுதி இதற்கு நேர்மாறாக இருப்பதுதான் வருத்தத்துக்குரியது. மடக்கு கிரேனின், அதாவது கார் எஞ்சினைத் தூக்கும் ஹைட்ராலிக் கையுடைய சிறு கிரேனின், கை எட்டவில்லை என்றவுடன் ஒரு குழாயைச் சொருகிப் பற்றவைத்துக் கையை நீட்டுகிறார்கள். கையின் அடிமூட்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு டன் தூக்க வல்ல கை, இரண்டு மீட்டர் தூரத்தில் அரை டன்தான் தூக்கும். அதற்கு மேல் ஏற்றினால் கை வளையும், அல்லது பின்கால்கள் தரையைவிட்டு எழும். இவ்வகைக் கிரேன்களின் கையில் துளைக்குத் துளை தாங்கும் எடை குறைந்துகொண்டே போவதாக எழுதியிருப்பது இதனால்தான்.

சங்கிலியிலும் கொக்கியிலும் வெல்டிங் ராடு படவே கூடாது. அவை சூடேற்றிக் குளிரவைத்துப் பதப்படுத்திய எஃகால் ஆனவை. பற்றவைப்பின் வெப்பம் அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும், கெட்டது கண்ணுக்குத் தெரியாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 29ஆம் பிரிவில், பளு தூக்கும் கருவிகளையும் சங்கிலிகளையும் கயிறுகளையும் தகுதியுடையவர் ஒருவர் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டுமென்று விதித்தது. ஓராள் பட்டறைக்கு இத்தகைய சட்டம் பொருந்தாமல் இருக்கலாம். எடைக்கு அந்த வேறுபாடு தெரியாது.

கருவியை நீட்டாமல் நிலத்தையும் சுமையையும் மாற்றி வேலையை எளிதாக்கும் அறிவு இம்மண்ணுக்குப் புதிதன்று. கிணறுதோறும் இருந்த கவலை ஏற்றத்தை எண்ணிப் பார்க்கலாம்: கவலை என்பது சால் எனும் நீர்ப்பாத்திரத்தை வடத்தில் கட்டி எருதுகள் இழுக்கும் முறை, எருதுகள் நடக்கும் பாதை கிணற்றிலிருந்து விலகிச் செல்லச் செல்லச் சரிந்து இறங்கும்படி தோண்டப்பட்டிருந்தது. காளைகள் இறங்கும்போது அவற்றின் உடல் எடையே இழுவிசையோடு சேர்ந்துகொள்ளும். ஓட்டுபவரும் வடத்தின்மேல் உட்கார்ந்து தம் எடையையும் கூட்டுவார். காங்கேயம் காளை வலிமையானதுதான், ஆயினும் அதன் வலிமையை மட்டும் நம்பி முன்னோர் கவலை அமைக்கவில்லை. 1955இல் கோவையில் பி. சபாபதி உருவாக்கியதாகச் சொல்லப்படும் மாவரைக்கும் கிரைண்டரின் பிற்கால வளர்ச்சியிலும் இதே அறிவைக் காணலாம்: கனத்த கல்லைத் தூக்கி மாவை அள்ளுவதற்குப் பதில், பாத்திரத்தையே அச்சில் சாய்க்கும் டில்டிங் கிரைண்டர் வந்தது. தூக்காமல் முடியுமா என்பதே எப்போதும் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

தோட்டத்தில் மகனுக்குக் கைக்கெட்டும் கருவி, போர்வெல் மோட்டாரை மேலேற்றும் முக்காலி. மூன்று குழாய்களை உச்சியில் இணைத்து, நடுவில் செயின் பிளாக்கை, அதாவது சிறு இழுப்பைப் பெரும் தூக்குவிசையாக்கும் சங்கிலிக் கப்பியை, தொங்கவிடும் அக்கருவி, ஒரே குழியின் மேல் நேராகத் தூக்குவதற்கென்றே பிறந்தது. சுமை தொங்கும்போது அதன் கால்கள் வெளிப்புறம் நழுவப் பார்க்கும். மண்ணில் புதைந்து நிற்கும் கால்கள் சிமென்ட் தளத்தில் வழுக்கும். ஆகவே மூன்று கால்களின் அடியையும் ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டுவது கட்டாயம். அதன் கால்களுக்குச் சக்கரம் பற்றவைத்து லேத்தோடு உருட்டிச் செல்லும் யோசனையைக் கைவிட வேண்டும். லேத்தை வண்டிக்கு மேலே நாலு விரற்கடை தூக்கி, வண்டியை அடியிலிருந்து நகர்த்தி, லேத்தை அதே இடத்தில் நேராக இறக்கிவிட்டால் முக்காலியின் கடமை முடிந்தது. ஜேசிபி வாளியின் பற்களில் பெல்ட்டை மாட்டித் தூக்கும் வழக்கமும் ஊரில் உண்டு. பற்கள் கொக்கியல்ல, வாளி சற்றுத் திரும்பினாலும் பெல்ட் நழுவும் என்பதால் அதை ஏற்கவே முடியாது.

தூக்கும்போது பெல்ட்டின் கோணம் எவ்வளவு முக்கியம் என்பதைப் பலர் அறிவதில்லை. ஒரு டன் லேத்தை இரு பெல்ட்டுகளில் கட்டினால் ஒவ்வொன்றும் அரை டன்தான் தாங்குகிறது என்று தோன்றும். ஆனால் அவை கிடைமட்டத்துக்கு 60 பாகைக் கோணத்தில் நின்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 577 கிலோ, 45 பாகையில் 707 கிலோ, 30 பாகையில் முழு 1000 கிலோ. உயரம் போதவில்லை என்று பெல்ட்டைக் குட்டையாகக் கட்டினால் அது எந்தக் கோணத்துக்குத் தள்ளப்படுகிறது என்பதை அளந்து பார்த்த பிறகே சங்கிலியில் கை வைக்கலாம்.

லேத்தின் எடை நடுவில் இல்லை. வேலைப்பொருளைப் பற்றும் சக்கைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் பக்கமே கனமானது, கால்களோ ஒடுக்கமானவை. எனவே சக்கைக் கழற்றிவிட்டு, பெட்டின் மேல் நகரும் சாடிலையும் டெயில்ஸ்டாக்கையும் எதிர்முனைக்குத் தள்ளி இறுக்கிப் பூட்டினால் சமநிலை ஓரளவு நடுவுக்கு வரும். பெல்ட் பெட்டின் அடிப்பகுதியைத்தான் தாங்க வேண்டும். முன்பக்கம் ஓடும் லீட் ஸ்குரூவின் மேல் அழுந்தினால் அது வளைந்துவிடும், பிறகு அந்த லேத்தில் நேரான மரை வெட்ட முடியாது. உண்மையான மாற்றியமைப்பைச் செய்ய வேண்டிய இடம் லேத்தின் கால்களுக்கு அடியில்தான்: இரு கால்களின் போல்ட் துளைகளிலும் குறுக்கே இரு சி-சேனல்களை முடுக்கி, அவற்றின் முனைகளில் நீளவாக்கில் இரு சேனல்களைச் சறுக்குச் சட்டமாகப் பூட்டினால், ஒடுங்கிய லேத்து அகன்ற பாதம் பெறுகிறது. இச்சட்டத்தின் அகலம் சாளை வாசற்காலின் அகலத்தைவிட நாலு அங்குலம் குறைவாக இருக்குமாறு முன்னதாகவே அளந்து வெட்ட வேண்டும். இடம் சேர்ந்ததும் போல்ட்டைக் கழற்றிச் சட்டத்தை எடுத்துவிடலாம். கருவி எதிலும் ஒரு துளியும் பற்றவைப்பு இல்லை.

சட்டத்துக்கு அடியில் ஒன்றரை அங்குலக் கனத்த குழாய்த்துண்டுகள் ஐந்து போதும். முன்னால் ஒன்றை வைக்கவும் பின்னால் விடுபட்டதை எடுக்கவும் ஒவ்வோர் ஆள். திரும்ப வேண்டிய இடத்தில் குழாயைச் சுத்தியலால் தட்டிச் சற்றே கோணலாக்கினால் சட்டம் அப்பக்கம் மெல்லத் திரும்பிக்கொள்ளும். வாசலிலிருந்து சாளைத் தளம் ஓரடி உயரமிருப்பதால் பத்தடி நீளச் சரிவு வேண்டும். அப்போது ஒரு டன்னை ஏற்ற உராய்வு நீங்கலாகச் சுமார் 100 கிலோ இழுவிசை தேவைப்படும். அதையே ஆறடியில் முடித்தால் சுமார் 167 கிலோ. சரிவில் ஏற்றும் கைவின்ச்சைத் தூணிலோ சன்னல் கம்பியிலோ கட்டாமல், கான்கிரீட் தளத்தில் முன்கூட்டியே பதித்து இறுகிய கொக்கியில் கட்ட வேண்டும். இழுக்கும்போது சுமைக்குப் பின்னால் ஒருவரும் நிற்கலாகாது. சுமை பின்னால் நழுவாமல் தடுக்கும் அடைகட்டையைப் பக்கவாட்டிலிருந்து கோலால் தள்ளிவைக்க வேண்டும்.

கடப்பாரையைப் பற்றி ஒரு சொல். ஐந்தடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து மூன்று அங்குலத்தில் அடைகட்டை வைத்தால், 30 கிலோ அழுத்தம் 570 கிலோவைத் தூக்கும்; லேத்தின் ஒரு முனையை எழுப்ப இது ஏறத்தாழப் போதுமானது. அரை அங்குலம் எழுப்புவது, உடனே கட்டையைத் தள்ளுவது, மறுபடி அரை அங்குலம். இந்த வரிசை மாறினால் விளைவது என்ன என்பதற்கு இதை எழுதும் பெரியப்பாவின் இடக்கைச் சுண்டுவிரலே சான்று: இளமையில் ஒரு மாலையில், இன்னும் ஒரு கட்டைதானே என்று கையாலேயே கட்டையைத் தள்ளியபோது கடப்பாரை வழுக்கியது. நகம் இன்றுவரை கோணலாகத்தான் வளர்கிறது. லேத்து இறங்கியது அரை அங்குலம்தான்.

தளத்தை மறந்துவிடக் கூடாது. இப்பகுதியின் புது வீடுகளில் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி இருப்பது வழக்கம். அந்தத் தொட்டியின் மூடு தளம் காரைத் தாங்கும், உருளையின் ஒரே கோட்டில் அழுந்தும் ஒரு டன்னைத் தாங்குமென்று எவரும் உறுதி சொல்ல இயலாது. தொட்டியைச் சுற்றிப்போவது சில மணி நேரத்தைக் கூட்டினாலும் அதுவே சரி.

தேர் நகர்வதைப் பார்த்தவருக்கு இன்னொன்றும் புரியும். அவிநாசித் தேரை ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், சக்கரத்தோரம் முட்டுக்கட்டையோடு இருப்பவரின் கண்தான் அதை வழிநடத்துகிறது. லேத்தை நகர்த்தும் நாளிலும் ஒரே ஒருவர்தான் “ஏத்து”, “இறக்கு” என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள், வயதில் மூத்தவர்களே ஆனாலும், பேசாமல் கை வைக்க வேண்டும். “நிறுத்து” என்பதை மட்டும் எவரும் சொல்லலாம், எல்லாரும் கேட்க வேண்டும்.

இடம் சேர்ந்த பிறகு, தளமட்டம் பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் போதாது, மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்வைக் காட்டும் எந்திர ரசமட்டத்தைக் கோவையில் இரவல் பெற்று, பெட்டின் இரு முனையிலும் குறுக்காக வைத்து, காலடியில் தகடு செருகிச் சரிசெய்ய வேண்டும். பெட் முறுக்கிக்கொண்டு நின்றால் கடையும் உருளை ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலியும். போல்ட் முடுக்கிய மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் அளவைத் திரும்பப் பார்ப்பது நல்லது. மின்னிணைப்புக்கு முன்பே ஒரு தனி விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். வீட்டு இணைப்பில் பட்டறை ஓட்டலாகாது.

தைப்பூசத்தில் சிவன்மலைத் தேர் நிலைக்கு வந்த பிறகு நாள் குறிக்கலாம். அதற்குள் எடைச்சீட்டும் வாசற்கால் அளவும் கைக்கு வந்திருக்க வேண்டும். மேய்ச்சல் நிலமாகிய கொரங்காட்டில் முன்பு பட்டுப்போன வெள்வேல மரத்தில் அறுத்த அடைகட்டைகள் இருபதும், இரண்டு கடப்பாரைகளும், கட்டை தள்ளுவதற்கென்று சீவிய மூன்றடிக் கோல்கள் நான்கும் இக்கடிதத்தைக் கொண்டுவருபவரிடம் கொடுத்தனுப்பப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
பெரியப்பா