வைஃபைக்கு எந்தப் பூட்டு?



செம்மேட்டில் எங்க மாமா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். போன மாதம் கடைக்குப் பழைய வைஃபை ரவுட்டர் ஒன்று வாங்கினார். பாதுகாப்பு என்ற இடத்தில் அது நாலு பெயர் காட்டியது: ஓப்பன், டபிள்யூ.இ.பி., டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.ஏ.-2. "எதைத் தொடுறது மாப்ள?" என்றார். கடையின் பழைய பிரிண்டர் டபிள்யூ.இ.பி.யில் மட்டும்தான் சேரும். அதனால் அவருக்கு அதன் மேல்தான் ஆசை. கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம்ம மிளகு மூட்டை குடோனில் பத்திரமாக இருந்தால் மட்டும் போதாது. 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, காரவள்ளி தாண்டி, சந்தை போய்ச் சேரும்வரை பத்திரமாக இருக்கணும். தகவலும் அப்படித்தான். வைஃபையில் அது காற்றில் போகிறது. கடைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர் லேப்டாப்பிலும் அது சிக்கும். அதனால் ஒரு சாவியை வைத்து எழுத்தையெல்லாம் குழப்பி அனுப்புகிறார்கள். இதுதான் குறியாக்கம்.

1997-ல் வந்த டபிள்யூ.இ.பி., அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சாவியோடு ஒரு 24 பிட் எண்ணைச் சேர்க்கும். அப்படி மொத்தமே சுமார் 1 கோடியே 68 லட்சம் எண்கள்தான். கேட்கப் பெரிசு! ஆனா ஓயாமல் வேலை நடக்கும் வைஃபையில் சில மணி நேரத்திலேயே பழைய எண் திரும்ப வந்துவிடும். ஒரே குழப்பம் இரண்டு தடவை வந்தால் ஒப்பிட்டுப் பிரித்துவிடலாமே. 2001-ல் இதைவிடப் பெரிய ஓட்டையும் வெளிவந்தது. 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நிமிடத்துக்குள் சாவியை எடுத்தே காட்டினார்கள்.

2003-ல் வந்த டபிள்யூ.பி.ஏ. அவசரத்துக்குப் போட்ட ஒட்டு. 2004-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.-2 தான் ஏ.இ.எஸ். என்ற பலமான முறையைக் கொண்டுவந்தது. அதிலும் 2017-ல் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். மென்பொருளைப் புதுப்பித்தால் அது அடைபடும். ஆனால் கடவுச்சொல் 12345678 என்றிருந்தால் டபிள்யூ.பி.ஏ.-2-உம் வீண். இணைப்பு ஏற்படும் நேரத்தில் போவதைப் பதிவு செய்துகொண்டு, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.-3 அதைத் தடுக்கிறது. மாமாவின் ரவுட்டரில் அது இல்லை.

"நம்மகிட்ட எதைடா திருடப் போறான்?" என்றார் மாமா. ஊர்க்காரர்களின் ஆதார், பாஸ்புக், சாதிச் சான்று ஸ்கேன் எல்லாம் கடைக் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் திறந்த ஃபோல்டரில்தான் கிடக்கிறது. வைஃபைக்குள் வந்தவனுக்கு அது எட்டும். திருடாவிட்டாலும் ஆபத்து உண்டு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வீட்டின் பூட்டில்லாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. விசாரணை முதலில் அவர் வீட்டு வாசலுக்குத்தான் போனது.

இன்னொன்று. வைஃபை பூட்டு ரவுட்டர் வரைக்கும்தான். அதற்கு அப்பால் இணையதளம் வரை காப்பது டி.எல்.எஸ்.; முகவரியில் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தெரியும். இதில் 1.2, 1.3 பதிப்புகள் நல்லவை. 1.0, 1.1 இரண்டையும் 2021-ல் கைவிட்டார்கள். பதிப்பை பிரவுசரே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். சான்றிதழ் சரியில்லை என்று எச்சரித்தால் மட்டும் அதை மீறி உள்ளே போகக் கூடாது. (போலி உதவித்தொகைத் தளத்திலும் எச்.டி.டி.பி.எஸ். இருக்கலாம், ஜாக்கிரதை!)

கடைசியில் டபிள்யூ.பி.ஏ.-2 வைத்தோம். ஃபோல்டரையும் மூடினோம். பிரிண்டருக்குக் கேபிள் போட்டாச்சு. நீளமான கடவுச்சொல்லை மாமா அட்டையில் எழுதி கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்தார். நேற்றுத்தான் கிழித்தேன்.

— பதினோராம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு