கதைக்குப் பின் நீதி வேண்டாம்

கிள்ளானிலிருந்து எழுதியிருக்கும் அன்புத் தங்கைக்கு,

பாப்பா பிறந்ததிலிருந்து உங்கள் ஐந்து வயது மகன் ஆளே மாறிவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். பாலர் பள்ளியில் மற்ற பிள்ளைகளைப் பிடித்துத் தள்ளுகிறான். வீட்டில் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறான். "என்னடா கண்ணு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறான். அண்ணன் தங்கை பாசக் கதைகள் எத்தனையோ சொல்லியும் பலனில்லை, அடுக்குமாடி வீட்டில் தோட்டம் போடவும் வழியில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். பிரிக்பீல்ட்ஸில் பல ஆண்டுகள் பாலர் பள்ளிப் பிள்ளைகளோடு இருந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் மகன் கெட்டுப்போகவில்லை. அவனுக்கு வந்திருப்பது துக்கம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மனித உணர்வுகளை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறார். அழுகைக்கு அவர் சொல்லும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வரும் அழுகை உண்டு, இழப்பால் வரும் அழுகை உண்டு, இல்லாமையால் வரும் அழுகையும் உண்டு. மூன்றாவதாக உள்ள அசைவுக்கு, முன்பிருந்த நிலை கெட்டு வேறாகிப்போனதால் வருந்துதல் என்று உரை சொல்வார்கள். நேற்றுவரை உங்கள் மடி முழுக்க அவனுக்கே சொந்தம். இன்று அந்த மடியில் வேறொரு பிள்ளை. இதை எடுத்துச் சொல்ல ஐந்து வயதில் அவனிடம் சொல் இல்லை. அதனால்தான் கை நீள்கிறது.

இந்த நேரத்தில் "நீ அண்ணனாயிட்ட, இனிமே அழக்கூடாது" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். பறிபோனது மடி மட்டுமல்ல, அழுகிற உரிமையும்தான் என்று அவன் எண்ணிக்கொள்வான்.

இனி கதைக்கு வருகிறேன். பாசக் கதை சொல்லி, கடைசியில் "அப்போ நீயும் பாப்பாகிட்ட எப்படி இருக்கணும்?" என்று கேட்டிருப்பீர்கள். கதை கேட்கும் சுகம் அந்தக் கேள்வியோடு போய்விடுகிறது. தன்னைத் திருத்தத்தான் இந்தக் கதை வந்தது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. கதை முடிந்ததும் நீதி கேட்பது நம் வகுப்பறைகளில் ஊறிப்போன பழக்கம். சின்னப் பிள்ளைகளிடம் அதை அறவே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குஜராத்தில் பாவ்நகரில் 1920-இல் பால மந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா எழுதிய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் பிள்ளைகளை வசப்படுத்தக் கையிலெடுப்பது கதையைத்தான். கிடைத்தால் வாங்கிப் படியுங்கள்.

என் வகுப்பில் ஒரு முறை பாரியின் கதையைச் சொன்னேன். பற்றிப் படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்கொடிக்குத் தன் தேரையே விட்டுவிட்டு வந்த பறம்புமலைத் தலைவனின் கதை. சொல்லி முடித்துவிட்டு எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். "தேர் இல்லாம அவரு எப்படி வீட்டுக்குப் போனாரு?" என்றாள் ஒருத்தி. அதுவரை வாயே திறக்காத ஒரு பையன், "குதிரை அழுதுச்சா டீச்சர்? தேர் அதோடதுதானே?" என்றான். அவன் வீட்டில் அப்போதுதான் தம்பி பிறந்திருந்தான். "அழுதிருக்கும்னு நினைக்கிறேன். உனக்கு என்ன தோணுது?" என்றேன். குதிரைக்கு எவ்வளவு கோபம் வந்தது, யாரையெல்லாம் உதைத்தது என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். தன்னைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் குதிரையை வைத்துச் சொல்லிவிட்டான். நான் பாரியின் கொடைப்பண்பை விளக்கப் போயிருந்தால் அந்தக் குதிரை எங்களுக்குக் கிடைத்திருக்காது.

கதை செய்வதில் பாதியைச் செடி செய்யும். 2021 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்த நாள்கள் அவை. அந்த வெள்ளத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு எங்களிடம் வந்த ஒரு சிறுமி, வானம் கறுத்தாலே புத்தகப் பையைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நிற்பாள். மதியத்துக்குமேல் இடியும் மழையும் நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் புதிதா? பயப்படாதே என்று எத்தனை முறை சொல்வது? ஒரு பழைய வாளியில் மண்ணைப் போட்டுக் கங்கோங் கீரைத் தண்டுகளை நட்டு அவள் பொறுப்பில் விட்டோம். தண்ணீர் தேங்கினாலும் செழித்து வளரும் கீரை அது. முதலில் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். பிறகு குவளை குவளையாக ஊற்றினாள். கீரை மூழ்கவில்லை, அழுகவில்லை, புதுத் தளிர் விட்டது. ஒரு நாள், "இதுக்குத் தண்ணின்னா பயமே இல்ல. எனக்குத்தான் பயம்" என்றாள். தன் பயத்தை அவள் வாயால் சொல்லி நாங்கள் கேட்டது அன்றுதான் முதல் முறை. பயம் அன்றே போய்விடவில்லை. ஆனால், அதன்பின் மழை வந்தால் பையைத் தேடாமல் எங்கள் கையைத் தேடினாள்.

செடி பிள்ளையைக் கேள்வி கேட்பதில்லை, அவசரப்படுத்துவதுமில்லை. கல்வியாளர் மரியா மாண்டிசோரி செடி வளர்ப்பைப் பொறுமையின் பயிற்சி என்றே கருதினார். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, உலகப் போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தவர். கொடைக்கானலில் இருந்த ஆண்டுகளில் பிள்ளைகளோடு இயற்கையைப் பார்த்துப் பார்த்தே தம் கல்வி முறையை விரிவாக்கினார். நம் மலேசியாவிலும் 2017-இல் சீரமைத்த தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தில் சமூக, மன உணர்வு வளர்ச்சிக்கு இடம் கொடுத்திருந்தார்கள். பெற்றோராகிய நாம்தாம் முதலாம் ஆண்டுக்குள் எழுத்துக்கூட்டி வாசிப்பானா என்று மட்டும் கேட்கிறோம்.

தோட்டம் இல்லையே என்று கவலை வேண்டாம். வெயில் படும் ஜன்னலோரம் ஒரு பூத்தொட்டியோ காலி மைலோ டின்னோ போதும். டின் என்றால் அடியில் இரண்டு ஓட்டை போடுங்கள். நீளப் பயற்றங்காய் விதை நான்கைந்து வாங்கி அவனையே ஊன்றச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். கொடி தலைநீட்டிப் பிடிப்புத் தேடும்போது பாரியின் கதையைச் சொல்லிக் குச்சியை அவன் கையில் கொடுங்கள். பாப்பாவை யாராவது பார்த்துக்கொள்ளட்டும். தண்ணீர் ஊற்றும் அந்தப் பத்து நிமிடமும் நீங்கள் அவனுக்கு மட்டும் அம்மாவாக இருங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்காமல் கொட்டிவிடுங்கள். டிங்கிக் கொசுவுக்கு அந்தக் கொஞ்சத் தண்ணீரே போதும்.

சனி, ஞாயிறில் வீட்டுக்கு வெளியே புல்வெளிக்கு அழைத்துப்போங்கள். நம் ஊரில் தொட்டாற்சிணுங்கி இல்லாத புல்வெளி அரிது. முள் குத்தாமல் இலையை மட்டும் தொடச் சொல்லுங்கள். இலைக்காம்பின் அடியில் உள்ள நீர் இடம் மாறுவதால் அது நொடியில் சுருங்கும். சில நிமிடங்களில் தானாகவே விரியும். அதுவரை இருவரும் குந்தி உட்கார்ந்து பாருங்கள். "நம்மளப் போலவே இருக்குல்ல?" என்று விளக்கம் சொல்லப் போகாதீர்கள். சொல்ல வேண்டியிருந்தால் அவனே சொல்வான். "பாப்பா வேணாம், திருப்பிக் குடுத்துடு" என்றுகூடச் சொல்லலாம். பதறாதீர்கள். "உனக்குக் கஷ்டமா இருக்குல்ல" என்று சொல்லி அணைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கையை ஓங்கினால் அந்தக் கையைப் பிடித்துத் தடுக்கத்தான் வேண்டும். கோபம் வரலாம், அடிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பல வாரங்கள் ஆகியும் சாப்பாடும் தூக்கமும் சரியாகாவிட்டால், தன்னையோ பாப்பாவையோ காயப்படுத்த முயன்றால், தள்ளிப்போடாமல் அரசாங்க சுகாதார கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றபடி, இந்த வாரமே விதையை வாங்கிவிடுங்கள். கதையைச் சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அவன் என்ன கேட்டாலும் பாதியில் நிறுத்தாமல் முழுக்கக் கேளுங்கள். உங்கள் மகனுக்கு இப்போது வேண்டியது புத்திமதி இல்லை, அவன் பக்கத்தில் உட்கார உங்களுக்கு நேரம் இருக்கிறது என்ற நம்பிக்கை. அதை உங்களைத் தவிர வேறு யாராலும் கொடுக்க முடியாது.

அன்புடன்,
உங்கள் அக்காள்