முறத்தில் ஒரு பள்ளிக்கூடம்



"எனக்கே எழுத்துத் தெரியாதுங்க சாமி, பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லித் தருவேன்?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார்கள். அவர்களை முன்னிட்டே இதை எழுதுகிறேன்.

நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே எழுத்தறிந்தனர். 1789-ல் சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதிப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர் இம்முறையைக் கண்டு தம் பள்ளியிலும் கையாண்டார். பின்னர் இங்கிலாந்திலும் பரப்பினார். 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையில், உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைக் குழந்தை விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைச் சொல்லும். கண், காது, கை மூன்றும் சேர்ந்து கற்றால் மனத்தில் நிற்கும்.

வீட்டில் செய்யத்தக்கவை:

1. முதலில் காது. பல், பசு, படி என்று சொல்லி, "மூன்றும் எந்த ஒலியில் தொடங்குகின்றன?" என்று கேளுங்கள். அதே ஒலியில் தொடங்கும் பொருளை வீட்டில் தேடிவரச் சொல்லுங்கள். இதற்குத் தாய் எழுத்தறிந்திருக்க வேண்டியதில்லை.

2. அடுத்துக் கை. முறத்தில் மணலோ ராகியோ பரப்புங்கள். மூத்த பிள்ளை 'ப' எழுதிக் காட்ட, இளையது ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுதட்டும்.

3. பிறகு கண். ட, ப, ம ஆகியவற்றைப் புளியங்கொட்டையால் அமைத்து வேற்றுமை காணட்டும். கொட்டையை வாயில் போடாதபடி பக்கத்திலேயே இருங்கள்.

247 எழுத்துகளுக்கும் அவசரம் வேண்டாம். நாளுக்குப் பத்து நிமிஷம் போதும். தவறினால் குட்டாதீர்கள். குட்டுக்கு அஞ்சும் பிள்ளை நாளடைவில் புத்தகத்துக்கும் அஞ்சும்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் இதுவே: "அம்மா, ஒலியை நீங்கள் கொடுங்கள், எழுத்தைப் பள்ளி கொடுக்கும். பிள்ளையோடு உட்கார்ந்தால் நீங்களும் கற்றுக்கொள்வீர்கள்."